பெயருக்கு முன்னால் நாலெழுத்து

1957இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் நிரல்மொழியில் மாறியின் பெயர் ஆறு எழுத்துக்குள் அடங்க வேண்டும். முதலெழுத்து ‘ஐ’ முதல் ‘என்’ வரை இருந்தால் அது முழு எண். மற்றவை தசமப் புள்ளி எண்கள். பெயரே வகையைச் சொல்லிவிடும்.

புடாபெஸ்டில் பிறந்த சார்லஸ் சிமோனி இந்த எண்ணத்தை இன்னும் நுட்பமாக்கினார். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்திலிருந்து 1981இல் மைக்ரோசாஃப்டுக்கு அவர் போனபோது, மாறியின் பயனைப் பெயரின் முன்னொட்டிலேயே காட்டும், ‘ஹங்கேரிய முறை’ என்று பெயர்பெற்ற அந்தப் பழக்கமும் கூடவே போனது. விரிதாளில் வரிசை எண், நெடுவரிசை எண் இரண்டுமே முழு எண்கள்தான். ஒன்றை மற்றதோடு கூட்டினால் கணினி தடுக்காது. வரிசைக்கு ‘ஆர்டபிள்யூ’, நெடுவரிசைக்கு ‘கால்’ என்று முன்னொட்டு இருந்தால் எழுதுபவர் கண்ணில் தவறு பட்டுவிடும். நல்ல யோசனை.

விண்டோஸ் நிரல்களில் அது திரிந்தது. முன்னொட்டு பயனைச் சொல்லாமல் நினைவக வடிவத்தைச் சொல்லத் தொடங்கியது. ‘எல்பிஎஸ்இசட்’ என்றால் பூஜ்யத்தில் முடியும் எழுத்துச் சரத்துக்கான நீண்ட சுட்டி. வாய்க்குள் நுழையாத பெயர்! பெயரிலுள்ள ‘டபிள்யூ’ 16 பிட்டைக் குறித்த ‘டபிள்யூபாராம்’ என்ற அளவுரு, 32 பிட்டுக்கும் பிறகு 64 பிட்டுக்கும் வளர்ந்த பின்னும் அதே ‘டபிள்யூ’வைச் சுமக்கிறது. பின்னாளில் தன் டாட்நெட் தளத்துக்கான பெயரிடல் வழிகாட்டியில் மைக்ரோசாஃப்டே இம்முறையை விலக்கச் சொன்னது.

சி++ மொழியில் தொல்லை வேறு: வகையின் பெயரே நீளம். ‘ஸ்ட்ரிங்’ என்பதே ஒரு நீண்ட வார்ப்புரு வகைக்கு இட்ட செல்லப்பெயர். பிழைச்செய்திகளிலோ முழுப்பெயர் வரிக்கணக்கில் நீளும். 2011ஆம் ஆண்டுத் தரத்தில் புதுப்பொருள் பெற்ற ‘ஆட்டோ’ என்ற சொல், வகையை எழுதும் வேலையையே பல இடங்களில் கம்பைலரிடம் தள்ளிவிட்டது.