முதுமையும் மூளையின் நெகிழ்வும்: ஒரு கருத்தின் வரலாறு

வளர்ந்த மூளையின் நரம்புப் பாதைகள் மாறாதவை என 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ரமோன் இ காஹால், எதிர்கால அறிவியல் அத்தீர்ப்பை மாற்றட்டும் என்றும் குறித்திருந்தார். பின்வந்தோர் முற்பகுதியையே பற்றிக்கொண்டனர். 1960களில் வளர்ந்த எலிகளின் மூளையில் புதிய நரம்பணுக்களை ஜோசப் ஆல்ட்மன் காட்டியும் அது பெரிதும் புறக்கணிக்கப்பட்டது. 1998இல் எரிக்சன், கேஜ் குழுவினர், மருத்துவ நோக்கில் உயிரணுப் பிரிவைக் காட்டும் வேதிப்பொருள் செலுத்தப்பெற்றிருந்த, ஐம்பது வயதைக் கடந்த ஐந்து புற்றுநோயாளிகளின் மூளையை அவர்களது இறப்புக்குப்பின் ஆராய்ந்து, ஹிப்போகேம்பஸில் அவ்வடையாளம் தாங்கிய நரம்பணுக்களைக் கண்டனர்.

2018 மார்ச்சில் சொரெல்ஸ் குழு, வளர்ந்தோரில் அத்தகைய அணுக்கள் தென்படவில்லை என்றது. அடுத்த மாதமே போல்ட்ரினி குழு, 79 வயதிலும் அவை தோன்றுகின்றன. குறைவனவற்றுள் இரத்தக்குழாய் உருவாக்கமும் நெகிழ்வும் அடங்கும் என்றது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவந்த பழக்கம் அங்கே உடைந்தது. இறப்புக்கும் திசுவைப் பதப்படுத்துவதற்கும் இடைப்பட்ட நேரத்தில் அடையாளப் புரதம் சிதையக்கூடும் என்பதால் பூசல் ஆய்வுமுறை பற்றியதாகவும் நீள்கிறது.