புட்டியின் வடிவமும் பொருளின் வாய்மையும்

கானாவூர்த் திருமணம் முதல் இறுதி இராவுணவு வரை திராட்சை இரசம் விவிலியத்தின் பக்கங்களில் தொடர்ந்து வருகிறது. ஆனால் அதைத் தாங்கி நிற்கும் கலத்தைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. மண்சாடி, தோற்பை, மரப்பீப்பாய் என்று பல நிலைகளைக் கடந்தே அது கண்ணாடிப் புட்டியை வந்தடைந்தது. அப்புட்டிகளுள் விந்தையான உருவமும் வேலைப்பாடும் கொண்டவை பல உண்டு. அவற்றின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது.

ஜெர்மனியின் ஸ்பெயர் நகர அருங்காட்சியகத்தில் கி.பி. 4-ஆம் நூற்றாண்டுப் புட்டி ஒன்று இருக்கிறது. உரோமையர் காலத்துக் கல்லறையிலிருந்து 1867-இல் எடுக்கப்பட்டது. அதன் கைப்பிடிகள் ஓங்கில் வடிவில் அமைந்தவை. மேலே ஊற்றிய எண்ணெய் காற்றைத் தடுத்தமையால், உள்ளிருக்கும் நீர்மம் இன்னும் வற்றவில்லை. இறந்தவருக்கு மரியாதையாக வைத்த அக்குப்பியை இன்றுவரை எவரும் திறந்ததில்லை.

எனினும் கண்ணாடி நெடுங்காலம் எளிதில் உடையும் அரும்பொருளாகவே இருந்தது. கப்பல் கட்ட மரம் வேண்டியிருந்ததால், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1615-இல் கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதைத் தடை செய்தார். உலைகளுக்கு நிலக்கரி வந்தது, வெப்பம் மிகுந்தது, தடித்த, கருநிறமான, உறுதியான கண்ணாடி பிறந்தது. இம்மாற்றத்தில் பெரும்பங்கு கெனெல்ம் டிக்பி என்ற கத்தோலிக்கப் பெருமகனாருக்கு உரியது என்பர். அதன்பின் புட்டிகள் பலவகை உருவம் கொண்டன.

சில புட்டிகள் அளவால் வியப்பூட்டுவன. பிரான்சின் ஷாம்பேன் பகுதியில் 3 லிட்டர் புட்டிக்கு எரொபவாம் என்று பெயர். 6 லிட்டர் மெத்துசேலா. 15 லிட்டர் நெபுகத்னேசர். இவற்றிடையே 12 லிட்டர் கொண்ட பல்தசார் நிற்கிறது. அப்பெயர் ஞானியர் மூவருள் ஒருவருக்கும் உண்டு. எருசலேம் கோவிலின் கிண்ணங்களில் குடித்துக் களித்த அன்றிரவே கொல்லப்பட்ட பெல்சாட்சர் அரசனுக்கும் உண்டு. விருந்துமேசையில் அப்பெயரைக் காண்போர் தானியேல் நூலை நினைப்பாரோ, அறியோம்.

சில புட்டிகள் நினைவைத் தாங்குவன. 1309 முதல் 1377 வரை திருத்தந்தையர் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் வாழ்ந்தனர். அவர்களுள் இருபத்திரண்டாம் அருளப்பர் அந்நகருக்கு அருகே ஒரு கோட்டை எழுப்பினார். ‘திருத்தந்தையின் புதுக்கோட்டை’ என்று பொருள்படும் ஷத்தோநெஃப்-தியு-பாப் என்ற ஊரின் உற்பத்தியாளர்கள், 1937 முதல் முத்தட்டு மகுடத்தையும் பேதுருவின் திறவுகோல்களையும் புட்டியின் கண்ணாடியிலேயே புடைப்பாகப் பதித்து வருகின்றனர்.

இவற்றினும் நம் உள்ளத்தைத் தொடுவது ஜெர்மனியின் பிராங்கோனியாவில் வழங்கும் பாக்ஸ்பாய்ட்டல் என்னும் தட்டையான, வயிறு பருத்த புட்டியே. அதன் பெயருக்கு ஆட்டுக்கடாவின் விதைப்பை என்று பொருள் சொல்வாரும் உளர்; செபநூலை வைத்துச் செல்லும் பையின் பெயரே திரிந்தது என்பாரும் உளர். அப்பகுதியைச் சேர்ந்த வூர்ட்ஸ்பூர்க்கில் அறநிலையங்கள் திராட்சைத் தோட்டங்களை உடைமையாகக் கொண்டு வாழ்ந்தன. ஆயர் யூலியுஸ் எக்டர் 1576-இல் நிறுவிய மருத்துவமனை அவற்றுள் ஒன்று. அதனினும் பழையது தூய ஆவியின் பெயரால் அமைந்த குடிமக்கள் இல்லம். நோயாளிக்கும் முதியவருக்கும் உணவும் மருந்தும் தோட்டத்து வருவாயிலிருந்தே வந்தன.

ஆனால் அவர்களது இரசத்தின் புகழைப் பயன்படுத்திச் சிலர் மட்டமான சரக்கை அதே பெயரில் விற்றனர். அவ்வஞ்சனையால் இழப்பு நேர்ந்தது வாங்கியவருக்கு மட்டுமன்று. கட்டிலில் கிடந்த ஏழைக்கும்தான். ஆகவே 1726-இல் நகர மன்றம், குடிமக்கள் இல்லத்தின் சிறந்த இரசத்தைப் பாக்ஸ்பாய்ட்டலில் அடைத்து முத்திரையிட ஆணையிட்டது. எளிதில் அடையாளம் காணத்தக்க உருவமே ஏழையின் காவலாயிற்று. இன்று ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும் அவ்வடிவத்தைப் பிராங்கோனியாவுக்கும், மரபாக அதைக் கையாண்ட வேறு சில பகுதிகளுக்கும் மட்டுமே உரியதாக்கியுள்ளது. இரு அறநிலையங்களும் இன்றும் தோட்டத்தொழில் நடத்துகின்றன.

அலங்காரம் எல்லாம் வீண் ஆடம்பரம் என்று நாம் எளிதில் தீர்ப்பிட்டுவிடுகிறோம். வூர்ட்ஸ்பூர்க் புட்டி வேறு பாடம் சொல்கிறது. உள்ளே இருப்பது இதுதான் என்று வெளியுருவம் உறுதி கூறுமானால், அது அழகு மட்டுமன்று, அறமும் ஆகும். நம் ஆலயங்களின் கோபுரங்களும், நாம் அணியும் சிலுவையும், நம் திருவிழாத் தேர்களும் எதற்கு உறுதி கூறுகின்றன? அவற்றை நம்பி நம் வாயிலுக்கு வரும் ஏழை ஏமாறாமல் திரும்புகிறாரா என்பதே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.