திருத்தணி வந்தது, சத்தியவேடு போனது

திருத்தணி மலைப்பாதையில் ஏற ஏற, என் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் சார்ஜ் கண்ணெதிரே குறைந்துகொண்டே வந்தது. இன்னொரு மின்வண்டியில் வழிகாட்டிக்கொண்டு முன்னால் போன உள்ளூர் அண்ணன், மேலே நிறுத்திவிட்டு வடக்கே கையை நீட்டினார்: "அந்தப் பக்கம் நகரி. ஆந்திரா."

1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து இந்த மலையும் அங்கேதான் போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் கே. விநாயகமும் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார்கள். பலர் சிறை போனார்கள். பிறகு படாஸ்கர் மத்தியஸ்தம். கிராமம்தான் அலகு, அங்கே எந்த மொழி அதிகம், நிலம் எதோடு தொடர்கிறது என்று பார்த்தார்கள். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. மேடைகளில் கதை இதோடு முடிந்துவிடும்.

அதே நாளில் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் வடக்குக் கிராமங்கள் பல ஆந்திராவுக்குப் போயின. சத்தியவேடு அப்படிப் போனதுதான். நான் கும்மிடிப்பூண்டிக்காரன், என் பாட்டி பிறந்தது சத்தியவேட்டுப் பக்கம். தமிழில் திட்டுவாள், தெலுங்கில் காசு எண்ணுவாள். அவளை எந்தக் கணக்கில் சேர்த்திருப்பார்களோ! பிறந்த வீட்டுக்குக் கிளம்பும்போது 'ஆந்திராவுக்குப் போறேன்'னு ஒருநாளும் சொன்னதில்லை. 'ஊருக்குப் போறேன்', அவ்வளவுதான். இன்று எங்க ஊர்ப் பையன்கள் கம்பெனி பஸ் ஏறி அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டிக்கு ஷிப்ட் போகிறார்கள்.

"சத்தியவேட்டையும் கேட்டிருக்கலாமே தம்பி?" என்றார் அண்ணன்.

"அதைக் குடுத்துத்தாண்ணே இதை வாங்கினாங்க."

அவர் கொஞ்ச நேரம் நகரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வண்டியைத் திருப்பினார்.