துண்டுச் சீட்டிலிருந்து ரிலீவிங் லெட்டர் வரை

வேலை வாங்கித் தருபவருக்குக் காசு கொடுப்பது யார்? மும்பையில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியாயிற்று. வேலை தேடி ஊரிலிருந்து வரும் பிள்ளைகளிடமும் அவர்களைப் பெற்றவர்களிடமும் நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இதற்குப் பின்னால் நூற்றைம்பது வருஷத்துக் கதை இருக்கிறது. அதில் பெரிய பங்கு நம் ஆட்களுடையது.

கங்காணியிடமிருந்து ஆரம்பிக்கலாம். கண்காணிப்பவர் கங்காணி. ஆனால் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களில் அவர் வெறும் மேற்பார்வையோடு நிற்கவில்லை. ஊருக்கு வந்து ஆள் சேர்த்துக் கூட்டிப் போனதும் அவர்தான். இன்றைய பாஷையில் சொன்னால் ரெக்ரூட்மென்ட் ஏஜென்ட், டீம் லீடர், வட்டிக்கடைக்காரர் மூன்றும் ஒரே ஆள். தோட்டத்துத் துரை முன்பணம் கொடுப்பார். அதற்கு 'கோஸ்ட் அட்வான்ஸ்' என்று பெயர். இலங்கைத் துரைமார்களுக்கு நம் ஊர் வெறும் 'கரை'தான். கங்காணி அந்தப் பணத்தோடு திருச்சி, சேலம், தஞ்சாவூர்ப் பக்கம் தன் சொந்த ஊருக்கே போவார். சொந்தக்காரன், பக்கத்துத் தெருக்காரன் என்று ஒரு கூட்டத்தைச் சேர்ப்பார். ஊர்க் கடனை அடைக்க, வழிச் செலவுக்கு, சாப்பாட்டுக்கு என்று கொடுத்ததெல்லாம் கணக்கில் ஏறும். ஒரு கொழுந்து கிள்ளுவதற்கு முன்பே ஆள் கடனாளி.

கங்காணிக்கு என்ன வருமானம்? தன் கூட்டத்தில் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் தினமும் ஒரு சிறு தொகை தோட்டம் கொடுக்கும். 'பென்ஸ் காசு' என்பார்கள். ஆள் படுத்துவிட்டால் அன்றைக்கு அந்தக் காசு கிடையாது. காய்ச்சலோடு கிடப்பவனை எழுப்பி மலைக்கு அனுப்பக் கங்காணிக்கு வேறு காரணம் வேண்டுமா? (இப்போது கான்ட்ராக்ட் ஸ்டாஃபிங் என்று நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் வேலை செய்த மணிக்கணக்கில்தான் இடையில் இருக்கும் கம்பெனிக்கும் பணம். லீவு போட்டால் மேனேஜருக்கு முன்னால் இவர்கள் போன் செய்வது சும்மா இல்லை.)

எல்லாவற்றையும்விட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது 'துண்டு'. ஒரு கங்காணியும் அவர் கூட்டமும் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் பழைய துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தர வேண்டும். 'இவர்கள் எனக்கு இத்தனை ரூபாய் பாக்கி. அதைக் கட்டினால் விட்டுவிடுகிறேன்' என்பது அதன் சாரம். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் அழியாது, தோட்டம்தான் மாறும். துண்டோடு துண்டாகக் கடனும் வளரும். 1921ல் இலங்கையில் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள்.

ரிலீவிங் லெட்டருக்காக ஹெச்.ஆர். வாசலில் நின்றவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். நோட்டீஸ் பீரியட் பணத்தைப் புதுக் கம்பெனி கட்டி ஆளை எடுத்துக்கொள்வதும் நடக்கிறதே. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. நாம் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து ராஜினாமா செய்கிறோம். அவர்கள் தப்பி ஓடினால் வாரண்ட் வந்தது. ஆனால் ஆளைப் பிடித்து வைக்க ஒரு காகிதம் போதும் என்ற யோசனை பழசுதான்.

இந்தக் கங்காணிகள் போட்டி போட்டு முன்பணத்தை ஏற்றிவிடுகிறார்கள் என்று துரைமார்களே அலுத்துப்போய், 1904ல் திருச்சியில் சிலோன் லேபர் கமிஷன் என்று ஆள் சேர்க்கும் அலுவலகத்தையே திறந்தார்கள். மலேயாவில் 1907ல் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து ஒரு நிதி ஏற்படுத்தி, அதிலிருந்து ஆட்களின் கப்பல் செலவைக் கொடுத்தார்கள். கூட்டி வரும் செலவு கூலிக்காரன் தலையில் விழக்கூடாது என்பது அப்போதே புரிந்திருக்கிறது பாருங்கள். 1938ல் மலேயாவுக்கு ஆள் சேர்த்து அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. அடுத்த வருஷம் இலங்கைக்கும்.

இது தோட்டத்துக் கதை. நான் பிழைக்க வந்த ஊரில் இதே ஆளுக்கு ஜாபர் என்று பெயர். பரேல், லால்பாக் பஞ்சாலைகளில் ஆளை எடுப்பது, நிறுத்துவது, லீவு கொடுப்பது எல்லாம் அவர் கையில். முக்காதம் என்றும் சொல்வார்கள். பெண்கள் வேலை செய்த பகுதிகளில் நாயக்கின். காலையில் மில் கேட்டில் பத்லி ஆட்கள் காத்து நிற்பார்கள். ஜாபர் யாரைக் கை காட்டுகிறாரோ அவருக்கு அன்று வேலை. சும்மா கை காட்டுவாரா? 'தஸ்தூரி' வைக்க வேண்டும். முதலாளியும் சம்பளம் கொடுப்பார், வேலைக்கு வந்தவனும் கொடுப்பான், கடனுக்கு வட்டியும் வரும். விட்லி கமிஷன் 1931ல் கொடுத்த அறிக்கையில், ஆள் எடுக்கும் அதிகாரத்தை ஜாபரிடமிருந்து பிடுங்கித் தனி அதிகாரியிடம் கொடுங்கள் என்று சொன்னது. லேபர் ஆபீசர் என்ற பதவி வேர் விட்டது அப்படித்தான். இன்றைய ஹெச்.ஆர். மேடத்துக்குக் கொள்ளுத்தாத்தா முறை!

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கமே இலவசமாக வேலை தேடித் தரும் என்று நம்பினோம். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1945ல் தொடங்கிய எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சை 1948ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் மார்க் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்றது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று: 1959 சட்டம் காலியிடத்தை எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் சொன்னது. அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சொந்தமும் சிபாரிசும் இல்லாதவன் புதன்கிழமை தோறும் ஹிந்துவின் 'ஆப்பர்ச்சூனிட்டீஸ்' பக்கத்தைத் தேடிப் படித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1970களில் எண்ணெய் விலை ஏறி வளைகுடா திறந்ததும் பம்பாயில் ஏஜென்டுகள் முளைத்தார்கள். நகையை விற்றுப் பணத்தைக் கொடுத்துவிட்டு லாட்ஜில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். 1983ல் வந்த குடிபெயர்வுச் சட்டம், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புபவர் பதிவு செய்தாக வேண்டும், வேலைக்குப் போகிறவரிடம் இவ்வளவுக்கு மேல் வாங்கக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. உள்ளூர் வேலைக்கு அந்தச் சட்டம் இல்லை.

1997ல் நௌக்ரி வந்தது. கன்சல்டன்சிகளும் பெருகின. ஒழுங்கான கன்சல்டன்சி கம்பெனியிடம்தான் பணம் வாங்கும். வழக்கமாகப் பேசும் கணக்கு வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். சேர்ந்தவர் சீக்கிரமே, பெரும்பாலும் 90 நாளுக்குள், ஓடிவிட்டால் வேறு ஆளை இலவசமாகத் தர வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கும். என்னை ஒரு வேலையில் சேர்த்த பெண்மணி வாரா வாரம் போன் செய்து 'எல்லாம் சௌக்கியமா, டிபன் கிடைக்கிறதா' என்று விசாரிப்பார். மூன்று மாதம் முடிந்ததும் போன் நின்றுவிட்டது. கணக்கு தெரிந்த பிறகு எனக்கு வருத்தமில்லை. அவர் கம்பெனிக்கு வேலை செய்கிறார். நம் சம்பளத்தை ஏற்றிப் பேசினால் அவர் கமிஷனும் ஏறும் என்பதால் ஓரளவு நமக்கும்.

நம்மிடமே பணம் கேட்பவர் கதை வேறு. போன மாதம் செம்பூரில் எங்களுக்குத் தெரிந்த குடும்பத்துப் பையனிடம் ஒரு கன்சல்டன்சி 'டிரெய்னிங் டெபாசிட்' என்று 75,000 ரூபாய் கேட்டது. அப்பா பி.எஃப். பணத்தை எடுக்கத் தயாராகிவிட்டார். எந்தக் கம்பெனி, அவர்கள் உங்களுக்கு என்ன தருகிறார்கள் என்று எழுத்தில் கேட்கச் சொன்னேன். 'கம்பெனி ஒன்றும் தராது சார், அதனால்தான் உங்களிடம் வாங்குகிறோம்' என்று பதில் வந்ததாம். அப்பா பணத்தை எடுக்கவில்லை.

ஆனால் ரெஜிஸ்ட்ரேஷன் அன்றைக்கே 'வெரிஃபிகேஷனுக்கு' என்று ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். திரும்ப வாங்க அப்பாவும் பிள்ளையும் இரண்டு தடவை போய் வந்தார்கள். மூன்றாவது தடவை நானும் கூடப் போனேன். டிகிரி சர்டிபிகேட்டும் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் கிடைத்துவிட்டன. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வேறு பிராஞ்சில் இருக்கிறதாம், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.