ஓட்டத்துக்கு ஈடு கொடுக்கும் திரை

திரையில் பிம்பத்தை அசைத்துக் காட்டும் வித்தை நாஞ்சில் நாட்டுக்குச் சினிமாவோடு வந்து சேர்ந்ததன்று. மராத்தியை வீட்டுமொழியாகக் கொண்ட மண்டிகர் குடும்பத்தார் ஊர் ஊராகச் சென்று, வெள்ளைத் துணி கட்டி, அதன் பின்னே விளக்கேற்றி, தோலில் வரைந்து வெட்டிய இராமனையும் இராவணனையும், நடுநடுவே ஜனங்களைச் சிரிக்கவைக்க உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் ஆட்டிக்காட்டிய தோல்பாவைக் கூத்து இப்பிரதேசத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறது. அந்தக் கூத்திலே பாவையைப் பிடித்தவன் கை நின்றால் நிழலும் நிற்கும், கை விரைந்தால் நிழலும் விரையும். ஆதலால் படத்தின் வேகம் ஒன்று, திரையின் வேகம் வேறொன்று என்னும் சங்கடம் அங்கே தோன்ற இடமில்லை. யந்திரம் வந்தபிறகே அந்தச் சங்கடமும் வந்தது. இன்றைக்கு நாகர்கோவில் கடையொன்றில் விளையாட்டுக்கென்று மானிட்டர் வாங்கப் போகிற இளைஞன், வேகத்தை மாற்றிக்கொள்ளும் திரைக்கு அதிகப் பணம் கொடுப்பதிலே பிரயோஜனம் உண்டா என்று கேட்கும்போது, தன் ஊர்க்காரர்கள் மௌனப்படக் காலத்திலேயே எதிர்கொண்ட ஒரு பிரச்சினையைத்தான் தொடுகிறான்.

மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் இன்று போற்றுகின்ற ஜே. சி. டேனியல், நமது அகஸ்தீஸ்வரத்தோடு பிணைந்த தமிழர். தற்காப்புக் கலையில் தேர்ச்சியும் வாளாட்டத்தைப் பற்றிப் புத்தகம் எழுதும் அளவுக்கு ஈடுபாடும் கொண்டிருந்த அவர், சொந்த நிலத்தை விற்ற பணத்தில் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற ஸ்தாபனத்தை நிறுவி ‘விகதகுமாரன்’ என்னும் மௌனப்படத்தை எடுத்தார். அது திரையிடப்பட்டபோது, நாயர் பெண்ணாக நடித்த பி. கே. ரோசி தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக அவர்மேல் சீறி எழுந்த கொடுமையையும், அந்தப் பெண்மணி ஊரைவிட்டே ஓட நேர்ந்ததையும் நினைக்கும்போது இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. டேனியல் பொருளெல்லாம் இழந்து, பல் வைத்தியம் செய்து பிழைத்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்திலேயே காலமானார். அவர் படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவருடைய உறவினரான நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ், சி. வி. ராமன் பிள்ளையின் நாவலை வைத்து 1933இல் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’வோ, பதிப்புரிமை வழக்கில் சிக்கி முடங்கிப்போனபோதிலும், பிற்காலத்தில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சென்றடைந்து பிழைத்துக்கொண்டது.

இத்தகைய மௌனப்படங்களின் காலத்தில் படப்பெட்டியைக் கையால் சுழற்றுவதே வழக்கம். விநாடிக்குப் பதினாறு ஃபிரேம் என்பது பொதுவான கணக்கு என்றாலும், சுழற்றுகிறவனுடைய கையைப் பொறுத்தும் காட்சியைப் பொறுத்தும் அது கூடும், குறையும். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்குப் பதினாறு ஃபிரேம். ஆகவே ஆயிரம் அடிச் சுருளை விநாடிக்குப் பதினாறாக ஓட்டினால் பதினாறே முக்கால் நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாகவும், இருபத்து நான்காக ஓட்டினால் பதினொரு நிமிஷத்திலும் அது முடிந்துவிடும். எடுத்த வேகத்தை அறியாமல் ஓட்டினால், அரசன் ஓட்டமும் நடையுமாய்ச் சிங்காசனத்துக்குப் போவான். அதனால் நல்ல ஆபரேட்டர் காட்சிக்குத் தக்கபடி புரொஜெக்டரின் வேகத்தைத் திருகித் திருகிச் சரிசெய்தார். படத்தின் ஓட்டத்துக்குத் திரையை இணங்கச் செய்கிற காரியம் அவர் கண்ணிலும் விரலிலும் இருந்தது.

இன்னொரு நுட்பத்தையும் இங்கே சொல்லவேண்டும், ஏனெனில் இன்றைய மானிட்டருக்குள் அது மறுபிறவி எடுத்திருக்கிறது. விநாடிக்குப் பதினாறு முறை மட்டும் வெளிச்சம் வந்து போனால் கண் கூசும். ஆகையால் விளக்குக்கு முன்னே சுழலும் ஷட்டரில் மூன்று தகடுகள் வைத்து, ஒரே ஃபிரேமை மும்முறை காட்டி, நாற்பத்தெட்டு மினுக்கலாக ஆக்கினார்கள். பேசும்படம் வந்து வேகம் இருபத்து நான்கென்று நிலைத்தபோது இரண்டு தகடே போதுமென்றாயிற்று. அதற்கும் கணக்கு நாற்பத்தெட்டுதான்.

பேசும்படத்தில் வேகம் மாறினால் குரலும் மாறிப்போகுமாதலால் ஆபரேட்டரின் திருகலுக்கு அதன்பின் வேலையில்லை. நம் நாட்டுத் தொலைக்காட்சி மின்சாரத்தின் ஐம்பது துடிப்பை ஒட்டி நின்றது. கணினித் திரையும் அந்த வம்சத்தில் வந்து விநாடிக்கு அறுபதென்று ஒரே நடையைப் பிடித்துக்கொண்டது.

விளையாட்டிலோ படம் முன்கூட்டி எடுத்து வைக்கப்பட்டதன்று. கிராஃபிக்ஸ் கார்டு அதை அந்தந்தக் கணத்திலே வரைகிறது. வெறுஞ்சுவரென்றால் சட்டென்று வரைந்துவிடும், புகையும் கூட்டமும் வந்தால் திணறும். வரைந்து முடியுமுன் திரை எடுத்துக்கொண்டால் மேற்பாதி ஒரு ஃபிரேம், கீழ்ப்பாதி மறு ஃபிரேம் என்று படம் கிழிந்து தோன்றும். திரையின் முறைக்காகக் காத்திருக்கச் செய்தால், விநாடியில் அறுபதில் ஒரு பங்குக்கு இம்மி தாமதித்த படமும் அடுத்த முறைவரை நின்று, அசைவு தட்டுத்தடுமாறும். முடியும்வரை திரை காத்திருக்கட்டும் என்பதே மாறும் வேகத் திரையின் சித்தாந்தம்.

கிராஃபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியா கம்பெனி 2013இல் இதை ஜி-சிங்க் என்று அறிவித்தது; மானிட்டருக்குள் தனிப் பலகையொன்று பொருத்தவேண்டியிருந்தது. பலகையை மட்டும் வாங்கிப் பொருத்திக்கொள்வதற்கு 199 டாலர், அன்றைய மதிப்பில் 12,000 ரூபாய்க்கு மேல். 2014 மே மாதத்தில் வெசா அமைப்பு இதே குணத்தை டிஸ்பிளேபோர்ட் விதியில் சேர்க்க, 2015இல் ஏஎம்டி கம்பெனியின் ஃபிரீசிங்க் மானிட்டர்கள் அந்தப் பலகை இல்லாமலே வந்தன. 2019 ஜனவரியில் என்விடியாவும் இறங்கிவந்து, அவற்றைத் தன் கார்டுகளோடு சேரவிட்டது. ஆயினும் சோதித்த நானூறில் தன் அளவுகோலுக்குத் தகுதியானவை பன்னிரண்டே என்று அப்போது சொல்லிற்று.

ஆகவே என் அபிப்பிராயம் இது: திரை இணங்குவது விலை கொடுக்கத் தக்க குணம், அந்தக் குணத்துக்குமேல் ஒட்டப்படும் முத்திரைக்காக ஆயிரக்கணக்கில் கொடுப்பது பெரும்பாலோருக்கு அவசியமில்லை. நடுத்தரக் கார்டு வைத்துக்கொண்டு, விநாடிக்கு நாற்பது ஃபிரேமுக்கும் தொண்ணூறுக்கும் இடையே ஊசலாடும் பெரிய கதை விளையாட்டுகளை ஆடுகிறவனுக்கே இதனால் முழுப்பயன் உண்டு. இருநூறுக்கு மேல் தங்குதடையின்றி ஓடும் போட்டி விளையாட்டை மட்டும் ஆடுகிறவனுக்கு வேறுபாடு அற்பமே.

வாங்குகிறவர் பெட்டியின்மேல் உள்ள முத்திரையைவிடத் திரையின் வேக எல்லையைத்தான் கேட்டறிய வேண்டும். 48 முதல் 144 ஹெர்ட்ஸ் என்றிருக்கும் திரையில், கார்டு முப்பதுக்கு இறங்கினால் ஒவ்வொரு ஃபிரேமும் இருமுறை காட்டப்பட்டு அறுபதாகும். மூன்று தகடு ஷட்டர் செய்த உபகாரம் இதுவே. மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தாலன்றி இந்த உபாயம் நடவாது. ஆதலால் 48 முதல் 75 என்று மலிவாக விற்பவை, படம் மிகத் திணறும் வேளையிலேயே கைவிட்டுவிடும். விஏ, ஓஎல்இடி வகைத் திரைகள் சிலவற்றில் வேகம் ஏறி இறங்கும்போது இருண்ட காட்சிகள் மினுக்குவதும் உண்டு. பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் கடைக்காரரிடம் கேட்டு, விளையாட்டிலே இருட்டான ஓர் இடத்தைத் திறந்து, வேகம் கூடிக் குறையும்படி சற்றுநேரம் ஓடவிட்டுப் பார்த்து வாங்குவது உத்தமம்.