மடிப்பும் மொழியும்: தாள்மடிப்புவழி அயல்மொழிக் கல்வி – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்
குழந்தைக்கு அயல்மொழி கற்பிக்கும் கருவியாகத் தாள்மடிப்பு இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. இக்கலையைக் கல்விக்குரியதாக எழுதிக்காட்டிய முன்னோடி நூல்களுள் ஒன்று 1893இல் சென்னையில் வெளிவந்தது. அந்நூலின் பின்புலத்தையும், அதில் மொழிக் கல்விக்குப் பயன்படும் கூறுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தாள்மடிப்பு, சுந்தரராவ், ஃபிரோபெல், மடங்கு, ஏவல் தொடர்.

முன்னுரை
சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையின் கல்லறைக் கற்களில் டச்சு மொழி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. துணி வணிகத்தின் பொருட்டு 17ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த அம்மொழி, இன்று இவ்வூரில் கல்லில் மட்டுமே எஞ்சியுள்ளது. வணிகக் காலத்தில் அயல்மொழியையும் தமிழையும் இணைத்தவர்கள் துபாஷிகள். அவர்களுக்கு மொழி, கையில் இருந்த சரக்கோடும் செய்யும் தொழிலோடும் பிணைந்திருந்தது. பள்ளிக்கூடம் அயல்மொழியைப் பாடநூலுக்குள் கொணர்ந்தபோது இப்பிணைப்பு தளர்ந்தது. கையையும் சொல்லையும் மீண்டும் இணைக்கும் முயற்சிகளுள் ஒன்றாகத் தாள்மடிப்பைக் கருதலாம்.

கையின்வழிக் கல்வி
எழும்பூர் ஆண் அநாதைப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். 1797இல் அவர் எழுதிய நூலின் வழியே அது ‘சென்னை முறை’ என்னும் பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெல் 1837இல் பிளாங்கன்பர்க்கில் தொடங்கிய குழந்தைப் பள்ளி, 1840இல் ‘கிண்டர்கார்டன்’ எனப் பெயர் பெற்றது. அதன் கைவேலைகளுள் தாள்மடிப்பும் ஒன்று. 1844இல் அவர் வெளியிட்ட தாய்ப்பாடல் தொகுப்பு, விரல் விளையாட்டையும் பாட்டையும் சேர்த்தே அமைத்தது. எனவே செயலும் சொல்லும் ஒருங்கே வருதல் அம்முறையின் அடிப்படை எனலாம். 1876இல் தோக்கியோ மகளிர் ஆசிரியர் பள்ளியோடு இணைந்து குழந்தைப் பள்ளி தோன்றியபோது, ஃபிரோபெல் மடிப்பு சப்பானின் மரபு மடிப்போடு சேர்ந்தது.

சுந்தரராவின் நூல்
வருவாய்த்துறை அலுவலரான டி. சுந்தரராவ் எழுதிய ‘ஜியோமெட்ரிக் எக்ஸர்சைசஸ் இன் பேப்பர் ஃபோல்டிங்’ என்னும் ஆங்கில நூல் 1893இல் சென்னையில் வெளியானது. கிண்டர்கார்டனின் எட்டாம் ‘கொடை’யே தமக்குத் தூண்டுகோல் என முன்னுரையில் அவர் குறிப்பிடுகிறார். 200 வண்ணச் சதுரத் தாள்கள், மடிப்பான், விளக்கப் படங்கள் ஆகியன அடங்கியது அக்கொடை. ஒழுங்கற்ற தாளொன்றைச் சதுரமாக்குவதில் தொடங்கும் நூல், படிப்படியாகக் கூம்பு வளைவுகள் வரை செல்கிறது. கவராயம், அளவுகோல் ஆகியவற்றைவிட மடிப்பால் எளிதில் முடியும் செயல்கள் பல உண்டு என்பது அவர் கருத்து. கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் 1895இல் இந்நூலைச் சுட்டினார். பெமன், ஸ்மித் ஆகியோர் பதிப்பித்த அமெரிக்கப் பதிப்பு 1901இல் சிகாகோவில் வந்தது.

இந்நூல் வடிவியல் நூலாகவே போற்றப்படுகிறது. ஆனால் ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவன் கையில் அது மொழிப்பாடமாகவும் அமையும். சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் தாளே அதைக் காட்டிக்கொடுக்கும். மொழிபெயர்ப்பின் துணையின்றியே பிழை புலப்படும். ஏவலைக் கேட்டு உடலால் செயற்படுவதன்வழி மொழி கற்கும் முறையை ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்தார். அதன் கூறுகள் மடிப்புப் பாடத்தில் இயல்பாகவே அமைந்துள்ளன.

மடிப்பும் மொழியமைப்பும்
தமிழில் ‘மடி’ என்பது மடித்தலையும் துணியையும் குறிக்கும். ‘மடங்கு’ என்னும் சொல் வளைதலையும் பெருக்கத்தையும் உணர்த்தும். ஆங்கிலத்தில் இருமடங்கைக் குறிக்கும் ‘டூஃபோல்ட்’ என்பதிலும் மடிப்பே உள்ளது. டச்சு மொழியின் ‘வௌட்’ என்னும் விகுதியும் அவ்வேரினதே. ஒரு தாளை இருமுறை மடித்துப் பிரிக்கும் குழந்தை நான்கு பகுதிகளைக் காண்கிறது. அக்கணத்தில் எண்ணும், தாய்மொழிச் சொல்லும், அயல்மொழிச் சொல்லும் ஒரே அனுபவத்தில் பொருந்துகின்றன.

தொடரமைப்பும் கருதத்தக்கது. ‘மூலையை மடி’ எனும் தமிழ்த் தொடரில் பொருள் முன்னும் வினை பின்னும் வரும். கை முதலில் மூலையைத் தேடுகிறது. ஆங்கில ஏவலில் வினை முந்துகிறது. எதை மடிப்பது எனக் கை காத்திருக்கிறது. சப்பானிய மொழியோ தமிழைப் போலவே வினையை இறுதியில் வைக்கும். ‘ஓரிகாமி’ என்னும் பெயரிலேயே ‘மடித்தல்’, ‘தாள்’ என்னும் இரு சொற்களைக் குழந்தை கற்கிறது. ஆகவே ஒரே கப்பலை மூன்று மொழிகளில் மடிக்கச் செய்தால், இலக்கண விதி கூறாமலே சொல்வரிசை வேறுபாட்டை உணர்த்தலாம்.

முடிவுரை
ஆராய்ந்தவற்றால், தாள்மடிப்புக் கல்வியில் தமிழகத்துக்கு 1893 முதல் எழுத்துச் சான்று உண்டு என்பது பெறப்படுகிறது. ஃபிரோபெல் மரபில் செயலோடு இணைந்திருந்த சொல், பிற்கால வகுப்பறைப் பாகுபாட்டில் விடுபட்டது; மடிப்பு கைவேலை வகுப்புக்கும், ஏவல் தொடர் இலக்கண வகுப்புக்கும் பிரிந்தன. ஆசிரியர் பேசாமல் மடித்துக் காட்ட, குழந்தை பார்த்துச் செய்யும் வகுப்பில் கப்பல் கிடைக்கும், மொழி கிடைக்காது. மழைநீரில் கத்திக் கப்பல் விடும் நம் குழந்தைகளிடம் மடிப்பு ஏற்கெனவே உள்ளது. மடி, பிரி, திருப்பு, நீவு போன்ற வினைகளை முதலில் தமிழில் தெளிவுறச் சொல்லி, பின்னர் அதே தாளில் அயல்மொழியில் சொல்வதே செய்யவேண்டிய பணி. தாய்மொழிச் சொல் கையில் பதிந்த பின்னரே அயற்சொல் அதன்மேல் நிற்கும் என்பது இவ்வாய்வின் முடிபு.