ஜேம்ஸ் பர்ரோ என்ற பெண்

ஆஸ்திரேலியாவின் 20 டாலர் தாளில் கண்ணாடி அணிந்த மூதாட்டி ஒருவரின் உருவத்தைக் காணலாம். மேரி ரெய்பி என்பது அவர் பெயர். சிட்னியில் கப்பல்களும் கிடங்குகளும் வைத்துப் பெருவணிகம் செய்தவர். அவருடைய வழித்தோன்றல் ஒருவர் தம் பாட்டி அந்நாட்டுக்கு வந்த வரலாற்றைத் தேடி 1828ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டினால், அங்கே காண்பது இதுதான்: 1821இல் சுதந்திரமாக வந்தவர்.

அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று. 1820இல் மகள்கள் இருவருடன் இங்கிலாந்து சென்று, மறு ஆண்டு திரும்பியவர்தாம் அவர். ஆனால் முதன்முறை அவர் வந்திறங்கியது 1792இல், ராயல் அட்மிரல் என்னும் கப்பலில், கைதியாக. அதற்கும் முன்னே சென்றால் பெயரே மாறிவிடுகிறது. 1790இல், பதின்மூன்று வயதில், குதிரைத் திருட்டு வழக்கில் பிடிபட்டபோது அவர் ஆண் உடையில் இருந்தார். பெயர் ஜேம்ஸ் பர்ரோ. பிறந்த வீட்டிலோ மேரி ஹேடாக். 1794இல் தாமஸ் ரெய்பியை மணந்தபின் கணவர் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அதையும் ஏட்டுக்கு ஏடு வெவ்வேறு எழுத்தில் எழுதி வைத்தார்கள்.

ஹதீஸ் கலை பயில்வோருக்கு இத்தொல்லை புதிதன்று. ஒரே அறிவிப்பாளர் ஓரிடத்தில் இயற்பெயராலும் வேறிடத்தில் குன்யாவாலும் குறிக்கப்படுவார். அவரை இருவரென எண்ணி ஏமாறுவதும் உண்டு. எனினும் அங்கே 'பின்த்' என்ற சொல் பெண்ணையும் அவள் தந்தையையும் பிரியாமல் பிணைத்து வைத்திருக்கிறது. ஆங்கிலேய வழக்கில் திருமணத்தோடு தந்தை பெயர் உதிர்ந்துவிடும். ஆகவே மணப்பதிவு கிடைக்காத பெண்ணுக்குப் பிறந்த வீடும் கிடைப்பதில்லை.

மேரி செல்வம் சேர்த்ததால் நினைவில் நின்றார். எளிய பெண்களின் நிலை வேறு. 1806இல் சாமுவேல் மார்ஸ்டன் என்ற ஆங்கிலிக்கப் பாதிரியார் அக்காலனியின் பெண்களைப் பட்டியலிட்டார். 1,430 பேரில் 395 பேர் மட்டுமே 'மணமானவர்'. எஞ்சிய 1,035 பேரும் 'வைப்பாட்டி'. தம் திருச்சபை முறைப்படி நடந்த திருமணத்தை மட்டுமே அவர் திருமணமாக ஏற்றார். கத்தோலிக்க முறையில் மணந்தவளும், ஒருவனோடே பல்லாண்டு வாழ்ந்து பிள்ளைகளை வளர்த்தவளும் அந்த ஒரே சொல்லுக்குள் தள்ளப்பட்டனர். இப்பட்டியல் லண்டன் வரை சென்று, அப்பெண்கள் ஒழுக்கங்கெட்டவர்கள் என்ற எண்ணத்துக்கு வலுவூட்டியது. ஜமாஅத் தஃப்தரில் மட்டும் பதிவான நிகாஹுடன் அரசு அலுவலகத்தில் நின்று பதில் சொல்ல நேர்ந்தவர்களுக்கு இந்த அவமானம் ஓரளவு விளங்கும்.

ஆகவே அச்சொல்லைத் தம் பாட்டியின் பெயருக்கு நேரே காண்பவர் முதலில் கேட்க வேண்டியது, எழுதியவர் யார் என்பதே. அவளைப் பற்றிய தீர்ப்பாக அதை நாம் கொள்வதற்கில்லை.

தேடலைப் பிள்ளைகளிலிருந்து தொடங்குவதே பலன் தரும். நியூ சவுத் வேல்ஸில் 1856க்கு முன் பிறப்பையும் இறப்பையும் அரசு பதிவு செய்யவில்லை. தேவாலயங்களின் ஞானஸ்நான ஏடுகளும் அடக்க ஏடுகளுமே இருந்தன. 1828ஆம் ஆண்டின் கணக்கெடுப்போ வந்த கப்பலையும் ஆண்டையும் சொல்கிறது. கப்பல் தெரிந்தால் கைதிகள் பட்டியல். அதிலிருந்து தண்டித்த நீதிமன்றம். அங்கிருந்து அவள் புறப்பட்ட ஊர். மார்ஸ்டன் வைப்பாட்டி என்று எழுதிய பெண்ணை ஞானஸ்நான ஏட்டில் தேடினால், குழந்தையின் பெயரை அடுத்து, தாய் என்று எழுதியிருக்கக் காணலாம்.